நீலச் சீலைக்கு மேலே

கயிறு என் கையில் இருந்தது. அதன் மறுநுனி நீலச் சீலைக்குக் கீழே போயிருந்தது. கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். வெளியே பனி கொட்டியது. உள்ளே நாற்பது சின்னப் பிள்ளைகள் கடலுக்கு அடியில் இருந்தார்கள்.

மேளம் ஒருமுறை அடித்தது. மேளம் அடித்தால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கயிற்றை நீளமாக ஒருதரம் இழுக்க வேண்டும். நாடகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறது.

வந்தது வேறு. இரண்டு சின்ன இழுவை. கொஞ்சம் பொறுத்து, ஒரு நீட்டு.

நாற்பது பிள்ளைகள் இழுத்தால் கயிறு உதறும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இது ஒரே கையின் இழுவை. அந்த இழுவையை நான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் காணவில்லை. இழுத்த ஆள் உயிரோடு இல்லை.

தண்ணீர் இல்லாத குளம்

என் வேலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்னமே எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக இன்னொருதரம் சொல்கிறேன்.

பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் ஊரில், டவுன்டவுனில் இருந்து மெட்ரோவில் கொஞ்சத் தூரம். பழைய நீச்சல் குளம் ஒன்று. வீட்டில் குளிக்க வசதி இல்லாத தொழிலாளிகளுக்காக ஒரு காலத்தில் கட்டினார்களாம். இப்போது அதில் தண்ணீர் இல்லை. நாடகம் போடுகிறார்கள். கூட்டுவது, துடைப்பது, பனி தள்ளுவது, பூட்டுவது என் வேலை.

குளம் அப்படியே இருக்கிறது. வெள்ளை ஓடு. ஆழம் குறைந்த பக்கத்தில் கறுப்பு ஓட்டில் மூன்று அடி என்று எழுதியிருக்கும். ஆழமான பக்கத்தில் ஒன்பது. அடியில் தண்ணீர் போக ஓர் இரும்புச் சல்லடை. மழை நாளில் அதற்குள் இருந்து மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வரும். பழந்துணி வைத்து அடைத்தேன். இரண்டு நாளில் துணியைக் காணவில்லை. கீழே போயிருக்கும்.

இன்னொன்று. தண்ணீர் வற்றிப் பல வருஷம். ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் முதலில் வருவது ஈர மணம்தான்.

இந்தப் பனி மாரிக்கு அங்கே பிள்ளைகள் நாடகம் ஒன்று போட்டார்கள். கடலடிப் பயணம். சுழியோடி ஒருத்தி கடலுக்குள் இறங்கி, தொலைந்துபோன விளக்கைத் தேடுகிறாள். நடிப்பவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீருக்குள் பேச முடியாதுதானே. கையாலும் முகத்தாலும் கதை சொல்வார்கள். கத்துவது எல்லாம் பிள்ளைகள்தான். "பின்னால பார்! சுறா!" என்று கத்தினால்தான் சுழியோடி திரும்புவாள். பிள்ளைகள் கத்தாவிட்டால் திரும்ப மாட்டாள்.

பார்க்க வருகிறவர்கள் குளத்தின் அடியில் மெத்தை போட்டு இருப்பார்கள். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குளத்தின் மேல்விளிம்போடு ஒரு நீலச் சீலையை இழுத்து மூடுவார்கள். ஒரு கரையில் இருந்து மறு கரை வரை. கீழே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் கடல் மூடும்.

அந்த நேரம் ஒரு சத்தமும் இருக்காது. நான் மேலே இருந்து பார்ப்பேன். கீழே இருப்பவர்களின் மூச்சுச் சூட்டில் சீலை மெல்ல எழும்பும், மெல்லத் தாழும். உண்மைக் கடல் போலவே இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். ஒருமுறை கர்க்லாண்ட் புறநகரில் இருந்து சென்னைக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். சீலை மூடும்போது அவர் குரல் எனக்குக் கேட்டது.

"பயப்படாதடா கண்ணா, சும்மா துணிடா இது."

பிள்ளை பிரெஞ்சில் சொன்னது: "சத்தம் போடாதீங்க அப்பா. கடலுக்குக் கேட்கும்."



மிரேய் கேட்டது

நாடகத்தை நடத்துகிறவள் பெயர் மிரேய். அவள் பேசுவது பிரெஞ்சு. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கயிறு பிடிக்க இருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். நான் ஓடு துடைத்துக்கொண்டிருந்தேன். மிரேய் வந்து முன்னால் நின்றாள்.

"மிஸ்யூ சூசை, உங்களுக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கே பழகினீர்கள்?"

"ஊரில்."

"ஊரில் என்ன செய்தீர்கள்?"

"கயிறு பிடித்தேன்."

சிரித்தாள். பகிடி என்று நினைத்திருப்பாள்.

ஆழமான பக்கத்தின் மேலே குறுக்காக ஒரு பலகை. பலகைக்கு அடியில் வள்ளத்தின் அடிப்பாகம் போலச் செய்து பூட்டியிருந்தது. கீழே இருந்து பார்த்தால் கடலில் ஒரு வள்ளம் நிற்பது போல இருக்கும். அதில் நான் இருக்க வேண்டும். சீலையில் உள்ள வெட்டு வழியாக, நுனியில் விளக்குக் கட்டிய கயிறு கீழே போகும். மேளம் அடித்ததும் பிள்ளைகள் இழுப்பார்கள். நான் விளக்கைத் தூக்குவேன். விளக்கு மேலே வந்த பிறகுதான் சீலையை விலக்குவார்கள். அதுவரை எல்லோரும் கடலடியில்தான்.

"நீங்கள் இழுக்காவிட்டால் கடல் போகாது, மிஸ்யூ சூசை," என்றாள் மிரேய்.

நான் தலையாட்டினேன்.

அக்கா கேட்ட கேள்வி

நாங்கள் மன்னார்ப் பக்கம். சங்கு குளிக்கிற குடும்பம். சிலிண்டர் எங்களிடம் இல்லை. மூச்சுத்தான். ஆறு பாகம், ஏழு பாகம், அதாவது ஆறேழு ஆள் ஆழம் இறங்குவார்கள். இறங்குகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு. அதை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான்.

அந்தக் கயிற்றை எல்லோரிடமும் கொடுப்பதில்லை. பெண்சாதியின் சகோதரன்தான் பிடிப்பான். எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். சொந்தச் சகோதரியை விதவையாக்க ஒருவனுக்கும் மனம் வராது என்று வைத்த வழக்கம்.

அக்காவின் புருஷனுக்கு நான் கயிறு பிடித்தேன். அத்தான் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

ஒவ்வொரு சோடிக்கும் தனி இழுவை இருந்தது. பக்கத்து வள்ளத்துக்குச் சொல்லமாட்டார்கள். எங்களுடையது இரண்டு சின்னது, ஒரு நீட்டு. தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு நீட்டு இழுக்க வேண்டும். வாறன் என்று அர்த்தம். பிறகு தூக்க வேண்டும்.

அத்தான் பகிடிக்காரர். வீட்டிலும் கயிறு பழகுவார். முற்றத்தில் இருந்துகொண்டு கயிற்றின் ஒரு நுனியைக் குசினிக்குள் சமைக்கிற அக்காவின் கையில் கட்டிவிடுவார். இரண்டு சின்னது, ஒரு நீட்டு. தேத்தண்ணி வேண்டும் என்று அர்த்தம்.

"வாயால கேக்கேலாதோ? வாய்க்குள்ள சங்கோ இருக்கு?" என்று அக்கா கத்துவாள். ஆனாலும் திருப்பி ஒரு நீட்டு இழுப்பாள்.

அந்த இழுவை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். அத்தான், நான், அக்கா.

ஒரு நாள் நான் அத்தானை உயிரில்லாமல் கரைக்குக் கொண்டுவந்தேன். வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போயிருந்தோம். அக்கா கரையில் நின்றாள். அழவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"கயிறு அசைஞ்சதோ?"

"இல்லை," என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை.

இப்போது அவளும் இந்த ஊரில்தான். ரொக்ஸ்பரோவில் மகளோடு இருக்கிறாள். பக்கத்தில் ஒரு கார்தெரியில், அதுதான் பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசையில் சில நேரம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வரும். பூசையில் ஆளுக்காள் சமாதானம் சொல்லுகிற நேரம் கை கொடுப்பாள். கொடுக்கத்தானே வேண்டும். கண்ணைப் பார்க்க மாட்டாள்.

பன்னிரண்டு பேணி

இனிச் சொல்வதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

கயிறு அசைந்தது.

அன்று காலையில் இருந்தே அத்தானுக்கு விளையாட்டு. இறங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு சின்னது, ஒரு நீட்டு. நான் பதறித் தூக்கினேன். தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"மச்சான், தேத்தண்ணி போட்டாச்சோ?"

இன்னொருமுறையும் அப்படியே செய்தார். எனக்குக் கை காந்தியது. கோபமும் வந்தது.

மூன்றாந்தரம் இழுத்தபோது நான் வள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும் என்று விட்டேன். கயிற்றைக் காலுக்குள் வைத்துக்கொண்டு தகரப் பேணியால் தண்ணீரை இறைத்தேன். பன்னிரண்டு பேணி. ஏன் எண்ணினேன் என்று தெரியாது. எண்ணினேன்.

பிறகு தூக்கினேன். கயிறு பாரமாக வந்தது. சிரிப்புச் சத்தம் வரவில்லை.

உப்பு

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டு சின்னது, ஒரு நீட்டு வந்தது. என் கை நின்றுவிட்டது. தூக்க வேண்டும் என்று தெரிகிறது. தூக்கினால் என்ன வரும் என்று தெரியவில்லை.

கீழே முதலில் சிரித்தார்கள். பிறகு சத்தம் குறைந்தது. சீலை எழும்பியது, தாழ்ந்தது. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. கயிறு இன்னொருதரம் அசைந்தது. அதே கணக்கு. பிறகு அசையவில்லை.

மிரேய் ஏணியில் ஏறி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்யூ சூசை! இழுங்கள்! பிள்ளைகள் பயப்படுகிறார்கள்!"

இழுத்தேன். விளக்குத்தான் வந்தது.

நாடகம் முடிந்து மிரேய் கேட்டாள்.

"நித்திரையா?"

"இல்லை."

"பிறகு என்ன?"

"கயிறு வேறு மாதிரி இழுபட்டது."

"பிள்ளைகள்தானே. எப்படியும் இழுப்பார்கள்."

அதுவும் சரிதான். நான் கீழே இறங்கித் துடைத்தேன். கயிறு தொங்கிய இடத்தில், சல்லடைக்குப் பக்கத்தில், ஓட்டில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அளவு. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் குளத்துக்குள் இறங்குவார்கள்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

இங்கே மாரியில் பனி உருக றோட்டுக்கும் உப்புத்தான் போடுகிறார்கள். யாருடைய காற்சட்டையிலாவது ஒட்டி வந்திருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு துடைத்தேன்.

வியாழக்கிழமை

புதன்கிழமை நாடகம் இல்லை. வியாழக்கிழமை காலை நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் பஸ் எதிர்ப்பக்கத்தில் நின்றது. கார்தெரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். இந்த ஊரில் அவர்களைக் கூட்டிப்போகிற முறை ஒன்று உண்டு. ஒரு நீளக் கயிறு. அதில் கைப்பிடி கைப்பிடியாக நிறவளையங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வளையத்தைப் பிடிக்கும். முன்னால் ஒரு பெரிய ஆள், பின்னால் ஒரு பெரிய ஆள். ஒரு பிள்ளை நின்றால் கயிறு முழுக்கத் தெரியும்.

கயிற்றின் முன்பக்கத்தை ஓர் இளம் ஆசிரியை பிடித்திருந்தாள். பின்பக்கத்தை அக்கா பிடித்திருந்தாள்.

அவள் ஒருநாளும் இங்கே வந்ததில்லை. என்னைத் தாண்டிப் போனாள். நிமிரவில்லை.

நான் மிரேயிடம் போனேன்.

"இன்றைக்குக் கயிற்றை நீங்கள் பிடியுங்கள்."

"மேளம் யார் அடிப்பது? உங்களுக்குத் தாளம் வருமா?"

"வராது."

"அப்படியென்றால் ஏறுங்கள்."

ஏறினேன். சீலை மூடியது. சத்தம் நின்றது. கீழே சுறா வந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேளம் அடித்தது.

பிள்ளைகளின் இழுவை வரவில்லை. கயிறு அப்படியே தொங்கியது. சீலை ஒருதரம் எழும்பித் தாழ்ந்தது.

இரண்டு சின்னது. ஒரு நீட்டு.

நான் மூச்சை விட்டேன். பிறகு ஒரு நீட்டு இழுத்தேன். வாறன்.

அன்று வள்ளத்தில் இழுத்திருக்க வேண்டியது அது.

கீழே ஒரு சத்தமும் இல்லை. நான் தூக்கத் தொடங்கினேன். கயிறு வரவில்லை. கீழே யாரோ பிடித்திருந்தார்கள். விளக்கின் பாரம் எனக்குத் தெரியும். இது ஆள் பாரம். கீழே யார் என்று தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தமுறை தெரியும்.

நான் இழுத்தேன். அவள் விடவில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "தீர்! தீர்!" என்று கத்தினார்கள். இழு, இழு என்று. எனக்குச் சொன்னார்களோ அவளுக்குச் சொன்னார்களோ தெரியாது. பலகை கிறீச்சிட்டது. என் உள்ளங்கை எரிந்தது. நான் விடவில்லை.

பிறகு கயிறு லேசானது. விளக்கு மேலே வந்தது. சீலையை விலக்கினார்கள்.

ஒருநாளும் இல்லாமல் அன்று நான் குனிந்து கீழே பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சப்பாத்து அறை

நாடகம் முடிந்தால் அரை மணி நேரம் சப்பாத்து அறையில்தான். இருபது பிள்ளைகளுக்குப் பனிக்காற்சட்டை, ஜாக்கெட், தொப்பி, கையுறை. அக்கா முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். ஆசிரியை பஸ்காரனைக் கூப்பிடப் போயிருந்தாள். மற்றக் கார்தெரிப் பிள்ளைகள் மறுபக்கத்தில். நான் துடைப்பத்தோடு நின்றேன்.

அக்கா திரும்பாமல் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஏன் தூக்கேல்லை?"

முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

"அண்டைக்கும் நீங்களோ இழுத்தது?"

"நான் எங்க வந்தனான்? சமையலை ஆர் பாக்கிறது? மற்றக் குறூப் பிள்ளையள் வந்து சொல்லிச்சுதுகள். மேல இருந்த கிழவன் நித்திரையாம். இழுக்க இழுக்கத் தூக்கேல்லையாம்." ஒரு பிள்ளையின் ஜாக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். "நீ இஞ்ச வேலை செய்யிறது தெரியும். ஆர் எண்டு விளங்கிச்சுது. அதுதான் இண்டைக்குச் சமையலை விட்டிட்டு வந்தனான்."

"அப்ப செவ்வாய்க்கிழமை ஆர் இழுத்தது?"

அக்காவின் கை நின்றது. கொஞ்ச நேரம்தான்.

"என்ன மாதிரி இழுபட்டது?"

"அதே மாதிரி."

ஒரு பிள்ளை தன் கையுறை ஒன்றைக் காணவில்லை என்று பிரெஞ்சில் அழுதது. அக்கா அதைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அங்க, அண்டைக்கு, கயிறு அசைஞ்சதோ?"

"ஓம்."

"எத்தினையாந்தரம்?"

"மூண்டாந்தரம். முதல் ரெண்டும் பகிடிக்கு இழுத்தவர். அதுவும் பகிடி எண்டு நினைச்சு, இருக்கட்டும் எண்டு விட்டன்."

"எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு பேணி தண்ணி."

அக்கா சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு பேணி எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். எண்ணி முடிக்கும்வரை நான் நின்றேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பன்."

"ஓம்."

"அடிச்சுப்போட்டு அழுதிருப்பன். ரெண்டும் இல்லாமப் போச்சுது."

 

அக்கா எழும்பினாள். முழங்காலைத் தட்டினாள். வளையக் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முன்நுனியைத் தானே பிடித்தாள். ஆசிரியை பஸ்ஸடியில் நின்று கை காட்டினாள்.

"வால்ப்பக்கத்தைப் பிடி," என்றாள் அக்கா. "றோட்டு கடக்கோணும்."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன்.

வெளியே வெயில். பனியில் கண் கூசியது. நடுவில் இருபது பிள்ளைகள், முன்னால் அக்கா, பின்னால் நான். தரை வழுக்கல். பிள்ளைகள் சுறாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நடந்தார்கள்.

நடு றோட்டில் கயிறு இழுபட்டது.

எத்தனை இழுவை என்று நான் எண்ணவில்லை. "வாறன்!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். கயிற்றை விடாமல் ஓடினேன். சிவப்புத் தொப்பிப் பிள்ளை ஒன்று ஐஸில் சறுக்கி விழுந்து கிடந்தது. வளையத்தை அது விடவில்லை. மற்றக் கையால் அதைத் தூக்கினேன். அழுகை இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தது.

முன்னால் அக்கா திரும்பி நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"கெதியா வா தம்பி," என்றாள். "லைட் மாறப்போகுது."